கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு காகிதம்

கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு காகிதம் வாங்க இத்தனை பாடு படவேண்டும் என்று தெரிந்திருந்தால், ஒச்சம்மாள் அந்த வைகாசியில் மாயம்மாள் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டிருக்கவே மாட்டாள். போட்டதுதான் போட்டாள், சத்தமில்லாமல் போட்டிருக்கலாம். அவளுக்குச் சத்தமில்லாமல் தும்மக்கூடத் தெரியாதே! சங்கு ஊதி, கொச்சி மட்டாஞ்சேரிச் சந்து முழுக்க அழைத்து, மலையாளத்தார் தமிழர் பார்க்காமல் எல்லாருக்கும் இலை போட்டல்லவா கட்டினாள்.

ஆமாம், தாலி கட்டியது ஒச்சம்மாள்தான். மாப்பிள்ளை அவளுடைய தம்பி வீரபாண்டி. அவன் அன்றைக்குச் சிங்கப்பூரில் ஏதோ ஒரு கப்பலின் அடித்தட்டில் குனிந்து உட்கார்ந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து அவர்கள் ஆட்களில் இது அதிசயமில்லை. மாப்பிள்ளைக்கு வரத் தோதில்லை என்றால் அவன் உடன்பிறந்தவள் சேலையும் தாலியுமாகப் போவாள், பெண் கழுத்தில் கட்டுவாள், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஒச்சம்மாளுக்கே அப்படித்தான் நடந்தது.

"எனக்கும் எங்க நாத்துனாதான் கட்டுனா. அதுக்காக எம்புருசன் எனக்குப் புருசன் இல்லாமப் போயிட்டாரா? நாலு பெத்துட்டேன்ல!" என்பாள். அவள் புருஷன் பிச்சை, முனிசிபாலிட்டியில் குப்பை வண்டி தள்ளுகிறவர், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து சாயா குடிக்கப் போய்விடுவார்.

அவள் அவசரப்பட்டதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. மாயம்மாள் அவளுடைய தாய்மாமன் ராமரின் மகள். வீரபாண்டிக்கு முறைப்பெண். அவன் ஊரிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கி, தேவராவில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இரண்டு பேருக்கும் மனசு ஒட்டிவிட்டது. மாயம்மாள் பஜாரில் சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போவாள். காய்ந்த இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டி, புடைத்து, தரம் பிரிக்கிற வேலை. சாயங்காலம் கிடங்கை விட்டு வரும்போது முகம், புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். வீரபாண்டி வழியில் நின்று, "வெள்ளைக்காரத் துரைசாணி, வீட்டுக்கா?" என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்தால் சுண்ணாம்பு வாய்க்குள் போய் எரியும். அந்த எரிச்சல்கூட அவளுக்கு வேண்டியிருந்தது.

அவன் சிங்கப்பூர் போய் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை பார்க்கிற, அவர்கள் ஆட்களிலேயே ஒரு பையனுக்கு மாயம்மாளைக் கேட்டு வந்துவிட்டார்கள். ராமர் கொஞ்சம் யோசித்தார். கண்ணுக்குத் தெரிகிற மாப்பிள்ளை யாருக்குத்தான் பிடிக்காது? விஷயம் காதில் விழுந்த மறுவாரமே ஒச்சம்மாள் தாலியோடு வந்து நின்றாள்.

தாலி ஏறிய அன்றே மாயம்மாள் நாத்தனார் வீட்டுக்குக் குடிபோனாள். பெரிய பயணமெல்லாம் இல்லை. சந்து முக்கில் இடது பக்கம் அம்மா வீடு, வலது பக்கம் ஒச்சம்மாள் வீடு. ஆனால் அவளுக்கு அது கடல் தாண்டிய மாதிரி இருந்தது. அவன் படுத்த பாய், அவன் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்த சுவர், நெருப்புப் பொறி பட்டுச் சல்லடையாகிப்போன அவனுடைய நீலச்சட்டை. சட்டையை ஒச்சம்மாள் கரித்துணிக்கு எடுக்கப் போனபோது மாயம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கல்யாணம் ஆனவள் என்று பேர், புருஷனுக்குப் பதில் ஒரு சட்டை. ஏக்கம் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்வார்களே, அது அவளுக்குச் சோறு தின்னும்போதெல்லாம் நடந்தது.

ஆனி கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேசட் வந்தது. வீரபாண்டிக்குத் தமிழ்தான் எழுத வரும், மாயம்மாள் படித்தது மலையாளம். அதனால் பேசித்தான் அனுப்புவான். சந்தில் டேப் ரிக்கார்டர் இருந்தது ஓமனா வீட்டில். ஓமனா மாயம்மாளோடு கிடங்கில் வேலை பார்க்கிறவள். அண்ணன் குவைத்தில். இரண்டு குடும்பமும் அங்கே கூடி உட்கார்ந்து கேட்டது.

"அக்கா, நீ பண்ணுன காரியத்தை நெனச்சா எனக்குச் சிரிக்கவா அழுவவான்னு தெரியல" என்று தொடங்கியது குரல். "இங்க அப்படியெல்லாம் செல்லாதுக்கா. ரெண்டு பேரும் ஆபீசுல நேருல நின்னு கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம். நான் பொண்ணைக் கூப்பிட்டுக் கட்டிக்கிறேன்னு போன மாசியிலயே எழுதிக் குடுத்துட்டேன். எனக்கும் கல்யாணம் ஆகலை, அவளுக்கும் ஆகலைன்னு எழுதியிருக்கு. அவ ஊரு அதிகாரி, இவளுக்குக் கல்யாணம் ஆகலைன்னு சர்டிபிகேட் தரணும். வக்கீல் முன்னால அவளும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். தீவாளிக்குள்ள வந்து சேரலைன்னா நான் குடுத்த மனு செத்துப்போகும். கம்பெனியில மறுபடி மூணு வருசத்துக்கு எழுதி வாங்குவான். ஒத்தக்கட்டைன்னா கொட்டடிதான், குடும்பத்தைக் கொண்டாரவே விடமாட்டான். நடுவுல நான் ஊருக்கு வந்தா வேலை போச்சு. மாமாகிட்டச் சொல்லு."

அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரு பக்கம் முழுக்கப் பேசினவன், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாயா... தூசி கண்ணுல படாமப் பாத்துக்க" என்றான். அவ்வளவுதான். சுற்றிலும் எல்லாரும் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் மாயம்மாள் தனியாகப் போய் அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்டாள். நாடா அறுந்துபோகும் என்று ஓமனா கத்தினாள்.

ராமர் மறுவாரமே வில்லேஜ் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்தால் முத்திரை குத்தித் தந்துவிடுவார்கள் என்று நினைத்தார். அதிகாரி சந்துக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்பது யாருக்குத் தோன்றியது?

வந்தார். கர்க்கடக மழை. கடல் பொங்கும் வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் சந்துக்குள் கணுக்கால் வரை நின்றது. வில்லேஜ் ஆபீசர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நின்றார். அது ஓமனா வீடு. அவள் அம்மாதான் இருந்தாள்.

"இந்த மாயம்மாள், ராமர் மகள், கல்யாணம் கழியாத்த பெண்ணாணோ?"

ஓமனாவின் அம்மாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எந்து பறயுந்நு சாரே! கல்யாணம் கழிஞ்ஞு! ஞங்ஙளெல்லாரும் சத்ய உண்டதல்லே!" என்று சத்ய எனும் அந்தக் கல்யாண விருந்தின் கூட்டான் முதல் பாயசம் வரை ஒப்பித்தாள். ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணைப் பற்றி எந்தப் படுபாவியோ கல்யாணமே ஆகவில்லை என்று மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அவள் சத்தத்துக்கு அடுத்த வீடு வந்தது, அதற்கடுத்த வீடு வந்தது. சந்தே தண்ணீரில் நின்று மாயம்மாளின் மானத்தைக் காப்பாற்றியது. மாயம்மாளின் அம்மா பேச்சியம்மாள் ஓடிவந்து கையைக் கையை ஆட்டி ஜாடை காட்டினாள். பெற்றவளே சாட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் உரக்கச் சொன்னார்கள்.

"வரன் எவிடெ?" என்று கேட்டார் அதிகாரி.

"சிங்கப்பூர்ல" என்றாள் ஒச்சம்மாள்.

"கல்யாணத்தின்றெ அந்நு?"

"அன்னைக்கும் சிங்கப்பூர்லதான்."

"பின்னெ தாலி கெட்டியது ஆரு?"

இந்த இடத்தில் ஒச்சம்மாள் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியத்தை ஒரு சர்க்கார் அதிகாரி கேட்கிறார். "நான்தான் சார்!" என்றாள், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மாயம்மாளைப் பார்த்தார். புது மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. "ஒரு வக்கீலைப் போய்க் காணு. இது என்றெ தலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

வக்கீல் வெங்கிடராமன் பாலக்காட்டுக்காரர். மட்டாஞ்சேரி கோர்ட்டுக்கு எதிரில் மாடியில் இருந்தார். ராமரும் ஒச்சம்மாளும் மாயம்மாளும் போனார்கள். ஒச்சம்மாள் கதையை ஆதியிலிருந்து சொல்ல, அவர் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒங்க வழக்கம் தப்புன்னு நான் சொல்லலை. கோர்ட்ல நிக்கலாம், நிக்காமலும் போகலாம். சாட்சி கொண்டுவந்து நிரூபிக்கறதுக்குள்ள ஒங்க தம்பிக்குத் தலை நரைச்சுடும். ஆனா ஒண்ணு கேளுங்கோ. கல்யாணம் ஆச்சுன்னு நீங்க இங்க சாதிச்சேள்னா, ஆகலைன்னு அவன் அங்க எழுதிக் கொடுத்தது பொய்யாயிடும். அவன் வேலைக்கே ஆபத்து."

ஒச்சம்மாளின் முகம் வெளுத்துப்போனது. "அப்ப என்ன செய்யச் சொல்றீக சாமி?"

"மாப்பிள்ளை இல்லாத சடங்கு, அதைக் கல்யாணம்னு நாங்க நினைக்கலைன்னு விட்டுடுங்கோ. நிச்சயதார்த்தம் மாதிரின்னு வச்சுக்கோங்கோ. நான் சத்தியப் பத்திரம் தயார் பண்ணித் தரேன். இந்தப் பொண்ணு வந்து கையெழுத்துப் போடட்டும். ஆனா கழுத்துல இதோட வந்து நின்னா நான் எப்படிம்மா ஒப்பம் வைப்பேன்? வில்லேஜ் ஆபீசர்தான் எப்படி வைப்பார்?"

மூன்று பேரும் படியிறங்கி வந்தார்கள். மழைக்கு ஒதுங்கி ஒரு கடையில் சாயா வாங்கினார்கள், அதையும் ஆறவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆவணி பாதி வரைக்கும் வீடு வீடாக இல்லை. பேச்சியம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"புருசன் உசுரோட இருக்கையில தாலியக் கழட்டுறதா? எந்தச் சீமையில உண்டு? அந்தப் புள்ள கப்பலுக்குள்ள நெருப்போட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கான். இங்க இவ கழட்டி வச்சா, அங்க அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நானும் அதைத்தான் அத்தை சொல்றேன்" என்றாள் ஒச்சம்மாள். "கட்டுன கை அவுக்காது. என்னைய வெட்டிப் போட்டாலும் அவுக்காது."

"அப்ப மூணு வருசம் கெடக்கட்டும் இப்படியே. ஏலூர்க்காரன் கேட்டப்பவே குடுத்திருக்கணும்" என்றார் ராமர்.

"குடுத்திருப்பீக! ஏன் மாமா, இன்னுந்தான் குடுங்களேன். தாலி ஏறுன பொண்ணைக் கூடவா கேக்குறான் அந்த எடுபட்ட பய?"

"நீ சும்மா இருந்திருந்தா இன்னேரம் அவ பொட்டியக் கட்டியிருப்பா. சங்கு ஊதுனா சங்கு!"

அது ஒச்சம்மாளுக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. இட்லியும் அவித்த கப்பைக் கிழங்கும் கூடையில் தூக்கிப் போய்க் கிடங்கு வாசலில் விற்கிறவள் அவள். பஜார் முழுக்க அவள் குரல் கேட்கும். மறுநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கிடங்குப் பெண்கள் அவர்களாகவே எடுத்துத் தின்றார்கள். ஓமனாதான் மத்திக் குழம்பைக் கப்பைமேல் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒச்சம்மா சேச்சி, எந்தா மிண்டாதெ?"

"என்னத்தச் சொல்ல? அவனைக் கட்டிவைக்கிறேன்னு நானே அவனைப் பிரிச்சு வச்சுட்டேன்டி."

உள்ளே புடைத்துக்கொண்டிருந்த மாயம்மாளுக்கு அது கேட்டது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று வருஷம் என்பதை அவள் அதுவரை ஒரு பேச்சாகத்தான் கேட்டிருந்தாள். அன்றைக்குத்தான் அது எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிந்தது. மூன்று மழைக்காலம் அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அவளுக்கு வீரபாண்டி வேண்டும். பழகின குரலோடு, தோளோடு, கேலியோடு, ஆளாக வேண்டும்.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மாயம்மாள் குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேச்சியம்மாளையும் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

"மதினி, கட்டுன கை அவுக்காதுன்னீங்க. அவுக்க வேண்டாம். அறுக்கவும் வேண்டாம். நானே தலைவழியா எடுக்கிறேன். நீங்க போட்ட மூணு முடிச்சும் அப்படியே கிடக்கும்."

பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "கயிறு கழுத்தை விட்டுப் போயிருமேடி!"

"முடிச்சு இருக்குல்லம்மா? முடிச்சு இருக்கிற வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் வராது."

ஒச்சம்மாள் யோசித்தாள். வக்கீலைக் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் அவளுடைய சட்டத்தில் இது செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். கடைசியில் எழுந்து போய்ப் பச்சரிசிப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒச்சாண்டம்மனை நெனச்சுக்கிட்டு எடு. தரையில படாம அரிசிக்குள்ள வையி."

மாயம்மாள் கொண்டையை அவிழ்த்து, கயிற்றைத் தூக்கினாள். காதில் சிக்கியது. யாரும் உதவிக்குக் கை நீட்டவில்லை. அவளே எடுத்து அரிசிக்குள் புதைத்து, மேலே ஒரு கைப்பிடி அரிசியை அள்ளிப் போட்டாள். கழுத்தைத் தடவிப் பார்த்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பேச்சியம்மாளும் அழுதாள். ஒச்சம்மாள் அழவில்லை. சட்டியில் சட்னி தீய்வதைக்கூடப் பார்க்காமல் பானையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வக்கீல் மாடியில் காரியம் சீக்கிரம் முடிந்தது. வில்லேஜ் ஆபீசில்தான் காக்க வைத்தார்கள். சாட்சிக்கு ஓமனாவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். ஒச்சம்மாளை உள்ளே வரவேண்டாம் என்று ராமர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவள் வெளியே ஓட்டுச் சரிவுக்கு அடியில் நின்றாள்.

அதிகாரி முதலில் ஓமனாவின் அம்மாவைக் கேட்டார். "கல்யாணம் கழிஞ்ஞதாணோ?"

"கல்யாணமோ? ஏது கல்யாணம்?" என்றாள் அவள். "அது வெறும் ஒரு சத்ய."

அதிகாரிக்கு உதடு துடித்தது. சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு மாயம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. வீட்டில் அவருக்கும் பெண் இருந்திருக்கும்.

"மோளே, நான் கேட்பேன், நீ பறயணும். நீ வாயால் பறஞ்ஞதைத்தான் நான் எழுதுவேன். கையெழுத்து எனக்கு, பாவம் உனக்கு. மனசிலாயோ?"

அவள் தலையாட்டினாள்.

"இதற்கு முன்பு உனக்குக் கல்யாணம் கழிஞ்ஞிட்டுண்டோ?"

"இல்ல சாரே."

அவர் எழுதினார். அது கஷ்டமாக இல்லை. அவளுக்கே அது பாதி உண்மை மாதிரித்தான் இருந்தது. யார் கூட வாழ்ந்தாள் அவள்? பாயோடும் சட்டையோடும்.

"இந்த வீரபாண்டி உனக்கு ஆரு?"

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ராமர் இருமினார். ஓமனா அவள் முழங்கையைத் தொட்டாள். பேனா காத்திருந்தது. மச்சான் என்று சொல்லலாமா, முறை என்று சொல்லலாமா? எதைச் சொன்னால் எது கெடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவும் கெடாத பதில் ஒன்றுதான் இருந்தது.

"ஆருமில்ல சாரே" என்றாள்.

அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதி முடித்து முத்திரை குத்தினார்.

காகிதத்தைச் சேலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ராமர் கவர் வாங்கத் தபாலாபீசுக்குப் போனார். ஓமனாவும் அவள் அம்மாவும் கிடங்குப் பக்கம் போனார்கள். ஒச்சம்மாள் பாய்ந்து வந்தாள்.

"குடுத்துட்டாரா? எங்க, படி பாப்பம்."

மாயம்மாள் படித்தாள். ராமரின் மகள் மாயம்மாள் இன்று வரை அவிவாஹித, கல்யாணமாகாதவள், என்று விசாரணையில் தெரிய வந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"அம்புட்டுத்தானா? எந்தம்பி பேரு எங்க?"

"அவுக பேரு இதுல இல்ல மதினி. அவுக எனக்கு யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆருமில்லைன்னு சொன்னேன்."

ஒச்சம்மாள் நின்றுவிட்டாள். ஏதாவது பெரிதாகக் கத்துவாள் என்று மாயம்மாள் பயந்தாள். அவள் கத்தவில்லை. தன் முந்தானையை இழுத்து மாயம்மாளின் தோளைச் சுற்றிப் போட்டு, வெறுங்கழுத்தை மூடினாள். இரண்டு பேரும் ஒரே சேலைக்குள் ஒட்டிக்கொண்டு பஜார் வழியாக நடந்தார்கள். சுக்கு மணம் வந்தது, மிளகு மணம் வந்தது.

சந்து முக்கு வந்தது. மாயம்மாளின் கால் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பியது. ஓரடி வைத்தவள் நின்றாள்.

"மதினி... நான் இப்ப எந்த வீட்டுக்குப் போக?"

கல்யாணம் ஆகாத பெண்ணை, அவளுக்கு யாருமில்லாதவன் வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது? காகிதத்தில் முத்திரை இன்னும் காயவில்லை. ஒச்சம்மாள் அவள் தோளிலிருந்து முந்தானையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

"ஒங்காத்தா வீட்டுக்குப் போ தாயி" என்றாள். "நான் குளிச்சிட்டு, தாம்பூலத் தட்டு எடுத்துக்கிட்டு, எந்தம்பிக்குப் பொண்ணு கேட்டு வாரேன்."

மாயம்மாள் இடது பக்கம் திரும்பி நடந்தாள்.